சத்தம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? பயிற்சி ஆசிரியருக்கான பாடத்திட்ட வழிகாட்டி

நான் சிங்கப்பூரில் தமிழ்ப் பயிற்சி ஆசிரியராக இருந்த காலம். தொடக்கநிலை 4, இடைவேளை முடிந்ததும் வரும் வகுப்பு, 22 பிள்ளைகள். பாடம் வேற்றுமை உருபு. முந்தைய இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து வண்ண அட்டைகள் வெட்டியிருந்தேன். பாடம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு பையன்கள் அடிக்கோலை உருவி வாள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அரைமணியில் வகுப்பு சந்தைக்கடை. நான் கத்தினேன். அரை நிமிடம் அடங்கியது. மறுபடி சந்தை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் வழிகாட்டி ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை.

பாடம் முடிந்ததும் "இன்னும் கொஞ்சம் கண்டிப்பா இரும்மா" என்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் என் பாடத்திட்டத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஓரத்தில் பென்சிலால் மூன்றே குறிப்புகள்:

10.42 – 10.46: அட்டை கொடுக்கிறாய். முன்வரிசை தவிர யாருக்கும் வேலை இல்லை.
10.51 – 10.54: கணினிக் கம்பி. 22 பேருக்கும் வேலை இல்லை.
11.05: ஐந்து பேர் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்து என்ன?

"அந்த வாள் சண்டை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. 10.44.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பென்சில் குறிப்பிலிருந்து வருவதுதான். இப்போது பயிற்சி ஆசிரியர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்கிறேன். வகுப்பில் சத்தம் எழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு திட்டத்தைத் திறந்து பார்த்தால், பத்தில் எட்டுத் தடவையாவது அந்த நேரத்துக்கு நேரே ஓர் ஓட்டை இருக்கும். மீதி இரண்டு தடவை பிள்ளையின் வீட்டுக் கவலை, உடம்பு சரியில்லை, காலையில் நண்பனோடு சண்டை என்று வேறு காரணங்கள். அவற்றைத் திட்டத்தால் சரிசெய்ய முடியாது. ஆனால் அந்த எட்டை முடியும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவு செய்து பார்த்து, 1970-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் குழம்பும் வகுப்புக்கும் என்ன வேறுபாடு என்று தேடினார். பிள்ளை தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் வேறுபாடு இருக்கும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. தவறு நடப்பதற்கு முன்பே பாடத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்பதில்தான் கிடைத்தது.

நம் கல்வி அமைச்சின் சிங்கப்பூர்க் கற்பித்தல் நடைமுறையும் ஆசிரியர் வேலையை நான்காகப் பிரிக்கிறது: நல்ல வகுப்பறைப் பண்பாடு, பாட ஆயத்தம், பாடத்தை நடத்துதல், மதிப்பீடும் பின்னூட்டமும். தேசியக் கல்விக் கழகத்திலிருந்து வரும் பலர் முதலாவதையும் இரண்டாவதையும் தனித்தனிப் பாடமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். திட்டம் எழுதும்போது ஒன்று, வகுப்பு கைமீறும்போது மற்றொன்று என்று இரண்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவது இரண்டையும் ஒரே தாளில் எழுதும் வழி.

படி 1: கதவைத் தாண்டி வருவது யார்?

தமிழ் வகுப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆங்கிலம், கணிதம் நடத்தும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். நமக்கு அப்படி இல்லை. மூன்று நான்கு வகுப்புகளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார்கள். ஒரு வகுப்பில் ஆசிரியர் தாமதமாக விட்டிருப்பார். ஒரு வகுப்பு உடற்கல்வி முடிந்து வேர்க்க விறுவிறுக்க வரும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே நான்கைந்து நிமிடம் போய்விடும். பொதுவான பாடத்திட்ட மாதிரிகள் எதிலும் இந்த நான்கைந்து நிமிடம் இருக்காது.

தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் வேறொரு பள்ளியில் உள்ள நிலையத்துக்கோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ போய்ப் படிக்கிறார்கள். பள்ளி முடிந்து பேருந்தோ எம்ஆர்டி ரயிலோ பிடித்து வருபவர்கள். பசி, அலுப்பு. பக்கத்தில் இருப்பவர் வேறு பள்ளிச் சீருடை. அந்த வகுப்புக்கு எழுதும் திட்டமும் காலை எட்டு மணி வகுப்புக்கு எழுதும் திட்டமும் ஒன்றாக இருக்கவே முடியாது.

அடுத்தது மொழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. 2010-இல் அது 3.3 விழுக்காடு. இந்த எண் வகுப்பறையில் இப்படித் தெரியும்: பாட்டியோடு தமிழிலேயே வளர்ந்த பிள்ளை ஒருத்தி, போன வருடம் திருச்சியிலிருந்து வந்து சரளமாகப் படிக்கும் பையன் ஒருவன், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் ஆறு பேர், வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசிவிட்டு இங்கே தமிழ் படிப்பவர் இருவர். உயர்நிலையில் 2024-இல் உயர்நிலை 1-க்குச் சென்றவர்களிலிருந்து முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்துவிட்டது. விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பெயர்கள் போய் ஜி1, ஜி2, ஜி3 (எண் கூடக் கூடப் பாடம் கடினம்) என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறுகிறது. ஆக, "நம்ம வகுப்பு எப்படிப்பட்ட வகுப்பு" என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது.

முதல் வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஆசிரியரையே பார்த்துக் குறிப்பு எடுக்கிறார்கள். பிள்ளைகளைப் பாருங்கள். இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் எழுதுகிறார், யார் திரும்பிப் பேசுகிறார், யார் மேசையில் தலை வைத்துவிட்டார் என்று புள்ளி வையுங்கள். பிறகு வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை: இந்த வகுப்புக்கு முன்னால் இவர்களுக்கு என்ன பாடம்? வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் யார் சுருங்கிப்போவார்? யார் பாதி நேரத்தில் முடித்துவிடுவார்? யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது? கற்றல் ஆதரவு தேவைப்படும் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியருக்கு என்ன தெரியும்? (இந்தக் கடைசித் தகவல் உங்களோடு இருக்கட்டும். ஆசிரியர் அறையில்கூடப் பெயர் சொல்லிப் பேச வேண்டாம்.) வகுப்பை அமைதிப்படுத்த ஏற்கெனவே ஒரு சைகை இருக்கிறதா? இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சில வாரத்துக்கு வந்துபோகிறவர் புதிதாகக் கைதட்டுப் பாட்டு கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

படி 2: "மாணவர்கள் கவனிப்பர்" என்று எழுதாதீர்கள்

பாடத்திட்டத்தில் ஆசிரியர் நடவடிக்கைக்கு ஒரு கட்டம், மாணவர் நடவடிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கும். முதல் கட்டம் நிரம்பி வழியும். இரண்டாவதில் திரும்பத் திரும்ப இரண்டே வாக்கியம்: "மாணவர்கள் கவனிப்பர்", "மாணவர்கள் விடையளிப்பர்". இரண்டும் ஒன்றும் சொல்லாத வாக்கியங்கள். விடையளிப்பர் என்றால் எத்தனை பேர்? ஒருவர். மற்ற 21 பேர் அப்போது என்ன செய்கிறார்கள்?

அந்தக் கட்டத்தில் பிள்ளையின் கை செய்யும் வேலையை எழுதுங்கள். எழுதுகிறார், வட்டம் போடுகிறார், அட்டையைத் தூக்குகிறார், பக்கத்திலிருப்பவர் சொன்னதைக் குறிக்கிறார். கைக்கு வேலை எழுத முடியாத வரி வந்தால் அதைச் சிவப்பால் கோடிடுங்கள். வாள் சண்டை நடக்கப்போவது அங்கேதான்.

என் பழைய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அன்று நான் எழுதியிருந்தது: "ஆசிரியர் ஆல், கு உருபுகளை விளக்குவார். மாணவர்கள் கவனிப்பர். 10 நிமிடம். பின் அட்டைகள் வழங்கப்படும்." இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்.

10.37. வெண்பலகையில் மூன்று வாக்கியங்கள், உருபைப் பிடுங்கிவிட்டு: "அம்மா கரண்டி சாம்பாரைக் கிளறினார்." "அண்ணன் எம்ஆர்டி நிலையம் நடந்தான்." "தம்பி கத்தரிக்கோல் தாளை வெட்டினான்." பிள்ளைகள் தங்கள் சிறு பலகையில் முதல் வாக்கியத்தைச் சரிசெய்து எழுதுகிறார்கள். 90 நொடி.

10.39. "ஒண்ணு, ரெண்டு, தூக்குங்க." 22 பலகைகளும் ஒரே நேரத்தில் மேலே. மூன்றைப் படிக்கிறேன், ஒன்று தவறானது, யாருடையது என்று சொல்லாமல்.

10.41. நான் பேசுகிறேன், மூன்றே நிமிடம். பிள்ளைகள் குறிப்பேட்டில் உள்ள பத்தியில் "ஆல்" வரும் இடத்தில் வட்டம், "கு" வரும் இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டே கேட்கிறார்கள்.

10.44. இரண்டாவது, மூன்றாவது வாக்கியம். பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து. ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதுகிறார்.

அந்த 10.44-இல் பையன்களின் கையில் இப்போது எழுதுகோல் இருக்கிறது. தொல்காப்பியம் வேற்றுமைக்கு ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. நாம் பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தது பேராசை. "அம்மா கரண்டி" என்று படித்ததும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு பாடத்தைப் பற்றியது. அதை அடக்கினால் அடுத்த சிரிப்பு உங்களைப் பற்றியதாக இருக்கும்.

ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பேசலாம் என்று கேட்கிறார்கள். தொடக்கநிலை 4-க்கு நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. உயர்நிலை 3-க்கு எட்டு. இது என் கணக்கு. உங்கள் வகுப்பின் இருக்கை வரைபடத்தில் வைத்த புள்ளிகள் உங்கள் கணக்கைச் சொல்லும்.

படி 3: கதவருகே தொடங்கும் வேலை

முதல் பிள்ளை வந்து உட்காரும்போதே மேசையில் வேலை இருக்க வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள். உங்கள் விளக்கம் இல்லாமல் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தனியாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாக வருபவர் முழுவதும் செய்யாவிட்டாலும் பாடம் கெடக் கூடாது. சந்தையில் உள்ள காய்கறிக் கடையின் படம் ஒன்றைத் திரையில் போட்டு, "இதில் தெரியும் ஐந்து பொருளைத் தமிழில் எழுது, தெரியாததை வரை" என்றால் போதும். வரையலாம் என்ற சலுகைதான் தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளையையும் உட்கார வைக்கிறது.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் கதவு. வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, "பலகையில வேலை இருக்கு" என்று உள்ளே அனுப்புங்கள். கணினிக் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டியதை இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைகள் வந்த பிறகு முதுகைக் காட்டிக் குனிந்து கம்பி தேடும் ஆசிரியரைப் போல ஓர் அழைப்பிதழ் வேறில்லை.

படி 4: சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்

இதைச் சொன்னால் பயிற்சி ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அதெல்லாம் வாயில வந்துடும், டீச்சர்." வராது. பாடத்தில் எதை மனப்பாடமாக எழுதாவிட்டாலும், வேலை கொடுக்கும் வாக்கியங்களை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு நான்கைந்துதான் இருக்கும்.

எழுதாமல் போனால் என்ன வரும் என்பதை இப்படிக் கேட்டிருக்கிறேன்: "சரி பிள்ளைகளே, இப்ப நீங்க என்ன செய்யணும்னா, குழுவா சேர்ந்து, இந்தப் பத்தி இருக்கு இல்லையா, அதுல, ம்ம், ஒரு நிமிஷம், முதல்ல தாள எடுத்துக்குங்க, படிச்சுட்டு, கருத்துகளைக் கலந்துரையாடுங்க, சரியா?" இதில் "குழுவா" என்ற சொல் காதில் விழுந்த நொடியே நாற்காலிகள் நகர ஆரம்பித்துவிட்டன. அதற்குப் பின் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. ஆசிரியர் அதே கட்டளையை ஐந்து மேசைக்கும் போய் ஐந்து முறை சொன்னார்.

நல்ல கட்டளையில் நான்கு செய்திகள் இருக்கும்: என்ன வேலை, யாரோடு, எவ்வளவு நேரம், முடித்தால் என்ன. நகர வேண்டியது இருந்தால் அது கடைசியில்தான் வரும். அதே வேலையை இப்படிச் சொல்லலாம்: "யாரும் இன்னும் எழுந்திரிக்க வேண்டாம். கேளுங்க. பத்தி ரெண்டப் படிங்க. கதையில யாருக்குக் கோபம் வந்துச்சு, ஏன்? ஒரு வாக்கியம் எழுதுங்க. நாலு பேரும் பேசலாம், ஆனா ஒருத்தர்தான் எழுதணும். ஆறு நிமிஷம். முடிச்சவங்க மூணாவது பத்திக்கு ஒரு கேள்வி தயார் பண்ணுங்க. எழுதுறவர் யாரு? கை தூக்குங்க. சரி, இப்ப நகரலாம்."

மொழிநடையைக் கவனித்திருப்பீர்கள். எழுத்துத் தமிழில் "கருத்துகளைக் கலந்துரையாடித் தொகுத்தெழுதுக" என்று கட்டளை போட்டால் பாதி வகுப்புக்குப் புரியாது. புரியாத பிள்ளை "புரியலை" என்று கை தூக்குவதில்லை. பக்கத்திலிருப்பவரிடம் ஆங்கிலத்தில் கேட்கிறது. அதைத்தான் நாம் "பேசாதே" என்று கண்டிக்கிறோம். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நம் வகுப்பறைகளில் தரமான பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை உரையாடல் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவைக்காமல் கட்டளைக்கும் பயன்படுத்துங்கள். இலக்கணத் தமிழ் பலகையிலும் பயிற்சித்தாளிலும் இருக்கட்டும். இதில் சக ஆசிரியர்கள் சிலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், பிள்ளை எந்நேரமும் செந்தமிழைக் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்கட்டும், கதை சொல்லும்போது. நாற்காலியை நகர்த்தச் சொல்லும்போது வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஆமா" என்று கோரஸாக வரும், அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் காட்டியது: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாக வந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை தலைக்குள் வாக்கியத்தைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். மூன்று நொடிகூடப் போதாது. திட்டத்தில் கேள்விக்குப் பக்கத்தில் "5 வரை எண்ணு" என்று எழுதி வைப்பேன். எனக்கே அவசரம் அதிகம்.

படி 5: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்கள்

சச்சரவு பெரும்பாலும் வேலையின் நடுவில் வருவதில்லை, மாறும் இடத்தில் வருகிறது. உங்கள் திட்டத்தில் எத்தனை மாற்றங்கள் என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் ஏழு இருந்தால் இரண்டைக் குறையுங்கள். முதல் முறை வழிகாட்டி ஆசிரியர் வந்து கவனிக்கும் பாடத்துக்குக் காணொளி, அட்டை, குழு, விளையாட்டு, கணினி என்று எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் விநியோகத்துக்கு எளிய வழி: வரிசைக்கு ஒரு கோப்பு, அதில் அந்தப் பாடத்துக்கான எல்லாத் தாளும், பிள்ளைகள் வரும் முன்பே மேசையில். என் அன்றைய நான்கு நிமிடமும் இந்த ஒரு கோப்பில் மிச்சமாகியிருக்கும். கூனின் கண்ட இன்னொரு சிக்கல் நமக்கும் பொருந்தும்: ஆசிரியர் ஒரு வேலையை முடித்து அடுத்ததற்குப் போன பிறகு, "ஆ, மறந்துட்டேன், வீட்டுப்பாடத்த எடுங்க" என்று பழையதற்குத் திரும்புவது. அந்த ஒரு வாக்கியத்தில் வகுப்பின் ஓட்டம் அறுந்துபோகும். மறந்ததைக் கடைசி நான்கு நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.

கணினி. 2021 முடிவுக்குள் உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் தனிக் கற்றல் சாதனம் (மடிக்கணினி மாதிரி) வந்துவிட்டது. மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளமும் 2018 முதல் எல்லாப் பள்ளிக்கும் உண்டு. மடிக்கணினியைத் திறக்கச் சொல்லும் வரியில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும். நுழைவுக்கு எத்தனை நிமிடம். கடவுச்சொல் மறந்தவர், மின்கலம் தீர்ந்தவர் என்ன செய்வார் (அதே வேலை தாளில், ஐந்து பிரதிகள் தயாராக). நான் பேசும்போது மூடி எந்த நிலையில் இருக்கும். "பாதி மூடுங்க" என்பது என் வகுப்பில் வழக்கமான சொல். திரை தெரியாது, கணினி அணையவும் அணையாது. கைத்தொலைபேசித் தலைவலி இப்போது குறைந்திருக்கிறது, 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஆகவே "கைத்தொலைபேசியில அகராதி பாருங்க" என்று பழைய திட்டத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். விதியை உடைக்கச் சொன்னவர் நீங்களாகிவிடுவீர்கள்.

படி 6: கோமாளி ஏன் கோமாளியானான்?

உயர்நிலை 2-இல் ஒரு பையன். வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் ஏதாவது சேட்டை செய்வான். பேனாவைக் கீழே போடுவான், பூனை மாதிரிக் கத்துவான். நான் அவனை வெளியே நிறுத்துவேன். மூன்றாவது வாரம்தான் கவனித்தேன்: தன் முறை வருவதற்கு இரண்டு ஆள் முன்னால்தான் பூனை கத்துகிறது. வெளியே நின்றால் படிக்க வேண்டியதில்லை. வகுப்பு முன்னால் "ழ"வும் கூட்டெழுத்தும் தடுக்கித் திக்கி நிற்பதைவிட, சேட்டைக்காரன் என்ற பெயர் அவனுக்குப் பரவாயில்லை. என் தண்டனையை அவன் பரிசாக வாங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த பாடத்திட்டத்தில் மாற்றியது ஒரே வரி. ஆளுக்கொரு பத்தியை எடுத்துவிட்டேன். முதலில் நான் படிக்க, அவர்கள் விரலால் பின்தொடர்ந்தார்கள். அடுத்து எல்லாரும் சேர்ந்து. அடுத்து இருவர் இருவராக, மெல்லிய குரலில், ஒருவர் ஒரு வாக்கியம். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் வாய் அசைவதால் யார் தடுமாறினாலும் வெளியே கேட்காது. அவனிடம் மட்டும் முந்தைய நாளே ஒரு பத்தியைக் கொடுத்து, "நாளைக்கு இதை மட்டும் உன்கிட்ட கேட்பேன்" என்றேன். பூனை உடனே போய்விடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று.

திட்டம் எழுதும்போது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: இதைச் செய்ய முடியாதவர் எங்கே மாட்டிக்கொள்வார்? இதைப் பாதி நேரத்தில் முடிப்பவர் பிறகு என்ன செய்வார்? முதலாமவருக்குத் துணை: சொல் பட்டியல், தொடங்கி வைத்த வாக்கியம், படம். வேலை ஒன்றுதான், ஏணி வேறு. எளிய பயிற்சித்தாளைத் தனி நிறத்தில் அச்சடிக்காதீர்கள், அந்த நிறத்துக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டாமவருக்கு "இன்னும் பத்து வினா" கொடுப்பது தண்டனை மாதிரி. சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை என்று கற்றுக்கொண்டு மெதுவாகச் செய்வார், அல்லது பேசுவார். வேறு வகை வேலை வையுங்கள்: இந்தக் கதைக்கு வேறு முடிவு, இந்தப் பத்தியில் தவறு இரண்டை ஒளித்துப் பக்கத்து மேசைக்குக் கொடு, பாடத்தில் பார்த்த காணொளியைப் பற்றி வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று ஊகி. என் 11.05 இப்படித்தான் அடைபட்டது.

படி 7: அப்படியும் நடந்துவிட்டால்

நடக்கும். திட்டத்தின் அடியில் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சூடான நேரத்தில் யோசிக்க வராது. முதலில் பார்வை. பிறகு பேசிக்கொண்டே அந்த மேசைக்கு அருகில் போய் நிற்பது. பிறகு கேள்விக்கு நடுவில் பெயர்: "இந்தப் பத்தியில, கவின், யாரப் பத்திப் பேசுறாங்க?" பிறகு மேசையருகே குனிந்து, மற்றவர் காதில் விழாமல், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம். "ஏன் இப்படிப் பண்ற?" என்று கேட்காதீர்கள், பதில் சொல்லத் தெரியாது. "மூணாவது வரியில இருந்து எழுது" என்றால் எழுதலாம்.

நிறைவேற்ற முடியாததை மிரட்டாதீர்கள். "அம்மாவுக்கு ஃபோன் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போடாமல் விட்டால் அன்றோடு உங்கள் சொல் செல்லாது. கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புவது, பெற்றோரை அழைப்பது எல்லாம் வழிகாட்டி ஆசிரியரைக் கேட்டபின். பிள்ளை மேல் கை வைப்பது எந்தச் சூழலிலும் இல்லை. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உடனே பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

படி 8: கடைசி நான்கு நிமிடம்

மணி அடிக்கும்போது நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தால் தோற்றுவிட்டீர்கள். நான்கு நிமிடம் முன்பே நிறுத்தி, ஒரு சிறு தாளில் ஒரு வாக்கியம் எழுத வையுங்கள் ("ஆல்" வைத்து இன்று வீட்டில் நடக்கப்போவது ஒன்று). அதைக் கதவில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டமாக முட்டிமோதாமல் வரிசையாகப் போவார்கள், உங்களுக்கும் யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துவிடும்.

படி 9: பென்சில்

பாடம் முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள், காப்பி குடிக்கப் போகும் முன், திட்டத்தாளை எடுத்து எழுதிய நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதுங்கள். சத்தம் எழுந்த இடத்தில் புள்ளி. "வகுப்பு ரொம்ப மோசம்" என்று எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள். வழிகாட்டி ஆசிரியரிடமும் "எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்காமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "தாள் கொடுக்கும்போது எத்தனை பேர் சும்மா இருந்தாங்க, எண்ணிச் சொல்றீங்களா?" எண்ணச் சொன்னால் அவர்களும் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். பொதுக் கருத்து சொல்லச் சொன்னால்தான் பாவம், தயங்குவார்கள்.

ஒரு வாரத்தில் ஓர் ஓட்டை மட்டும் அடையுங்கள். ஒரே நாளில் ஒன்பது படியையும் ஏறப் பார்த்தால் திட்டம் பத்துப் பக்கம் போகும், உங்களுக்குத் தூக்கம் போகும். முதல் வாரம் தாள் விநியோகம். இரண்டாம் வாரம் கட்டளை வாக்கியங்கள். மூன்றாம் வாரம் சீக்கிரம் முடிப்பவர்கள். இவற்றில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லையென்றால் நேற்றைய தாளில் எந்த நிமிடத்தில் புள்ளி அதிகம் என்று பாருங்கள். அந்த நேரத்தை நாளைய திட்டத்தின் மேல் மூலையில் எழுதி, அதற்கு நேரே பிள்ளைகளின் கையில் என்ன இருக்கும் என்று எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு எழுதத் தொடங்குங்கள்.